மேல்நிலை நீதிமன்றம் என்றால் எதற்கு மேல்? பெயரும் அதிகாரமும் நாட்டுக்கு நாடு மாறுவது ஏன்?

புதுவாசகன்:

அனைவருக்கும் வணக்கம். சட்டத்தில் முறையான பயிற்சி இல்லாவிட்டாலும், பிற நாட்டுத் தீர்ப்புகளை ஆர்வத்தோடு படித்துவருபவன் நான். அவ்வாறு படிக்கும்போது "சுப்பீரியர் கோர்ட்", அதாவது மேல்நிலை நீதிமன்றம் என்ற பெயர் என்னைப் பெரிதும் குழப்புகிறது.

கலிபோர்னியாவில் கொலை வழக்கானாலும் விவாகரத்து வழக்கானாலும் முதன்முதலாக விசாரிக்கும் நீதிமன்றத்துக்கே இந்தப் பெயர். பென்சில்வேனியாவில் இதே பெயரைத் தாங்கிய நீதிமன்றமோ சாட்சிகளை விசாரிப்பதே இல்லை, மேல்முறையீடுகளை மட்டுமே கேட்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் சுப்பீரியர் கோர்ட் செய்யும் பணியை, பிரிட்டிஷ் கொலம்பியாவில் சுப்ரீம் கோர்ட் என்ற பெயருள்ள நீதிமன்றம் செய்கிறது. அயர்லாந்தில் இது ஒரு நீதிமன்றத்தின் பெயராக இல்லாமல், மூன்று நீதிமன்றங்களுக்கான பொதுப்பெயராக இருக்கிறது. இந்தியத் தீர்ப்புகளில் உயர் நீதிமன்றங்களை "மேல்நிலை ஆவண நீதிமன்றம்" (ஆவண நீதிமன்றம் என்றால் நடவடிக்கைகள் நிலையான சான்றாகப் பதிவாகும் நீதிமன்றம்) என்று குறிப்பிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த அடைமொழியால் என்ன விளைகிறது என்பதை எந்தத் தீர்ப்பும் நின்று விளக்கியதாக எனக்குத் தெரியவில்லை.

மேல்முறையீட்டு வரிசையில் மேலே இருப்பதைத்தான் இது குறிக்கிறது என்றால், முதல் விசாரணை நடத்தும் நீதிமன்றத்துக்கு இந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்? அல்லது அந்த வரிசையோடு தொடர்பில்லாத தனித்த சட்டத் தன்மை ஒன்று இதற்கு உண்டா? அப்படி உண்டென்றால், வழக்காடும் ஒரு சாதாரண மனிதருக்கு அதனால் ஏதேனும் வேறுபாடு ஏற்படுகிறதா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

அசல்பிரதி:

இரண்டாவதாக நீங்கள் ஊகித்ததே சரி. மேல்முறையீட்டு வரிசையில் ஒரு நீதிமன்றம் எந்த இடத்தில் இருக்கிறது என்பது வேறு, அது மேல்நிலை நீதிமன்றமா என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் பெரும்பாலானவர்கள் குழம்புகிறார்கள்.

இங்கிலாந்திலிருந்து தொடங்கினால் எளிதாக விளங்கும். வெஸ்ட்மின்ஸ்டரில் மன்னரின் பெயரால் இயங்கிய பொதுச்சட்ட (முந்தைய தீர்ப்புகளின் வழியே வளர்ந்த சட்டம்) நீதிமன்றங்கள் மூன்று இருந்தன: கிங்ஸ் பெஞ்ச், காமன் பிளீஸ், எக்ஸ்செக்கர். நாடு முழுவதும் எழும் வழக்குகள் அவற்றுக்கு வரக்கூடும். அவற்றுக்கு வெளியே ஊர்தோறும் சிறு நீதிமன்றங்கள் இயங்கின. அவை ஒவ்வொன்றுக்கும் இன்ன எல்லைக்குள், இன்ன தொகைக்குள், இன்ன வகை வழக்கு என்ற வரம்பு இருந்தது. 1667ஆம் ஆண்டின் பீகாக் எதிர் பெல் என்ற வழக்கு இவ்விரு வகைகளின் வேறுபாட்டை ஒரு விதியாக வகுத்துத் தந்தது. ஒரு வழக்கு தன் வரம்புக்கு வெளியே உள்ளது என்று வெளிப்படையாகத் தெரியாதவரை, அது மேல்நிலை நீதிமன்றத்தின் வரம்புக்குள் இருப்பதாகவே கொள்ள வேண்டும். கீழ்நிலை நீதிமன்றத்துக்கோ இதற்கு நேர்மாறான விதி: வரம்புக்குள் இருப்பதாக வெளிப்படையாகச் சொல்லப்படாத எதுவும் அதன் வரம்புக்குள் வராது.

மற்ற அனைத்தும் இந்த ஊகத்திலிருந்துதான் கிளைத்தன. கீழ்நிலை நீதிமன்றத்தின் உத்தரவை நம்பி ஒருவரைக் கைது செய்தவர், அந்த நீதிமன்றத்துக்கு அதற்கான அதிகாரம் இருந்தது என்பதைத் தாமே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. மேல்நிலை நீதிமன்றத்தின் உத்தரவைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. நீதிமன்ற அவமதிப்பிலும் இதே வேறுபாடு தொடர்ந்தது. கீழ்நிலை நீதிமன்றத்தில் நீதிபதியின் கண்ணெதிரே ஒருவர் அவமதிப்பாக நடந்துகொண்டால்தான் அந்த நீதிமன்றம் தண்டிக்க முடியும். மேல்நிலை நீதிமன்றமோ வெளியில் நடக்கும் அவமதிப்பையும், தன் உத்தரவு எங்கோ மீறப்படுவதையும் தண்டிக்கலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக, கிங்ஸ் பெஞ்ச் நீதிப்பேராணைகளின் (மன்னரின் பெயரால் இடும் எழுத்துக் கட்டளைகள்) வழியாகக் கீழ்நிலை நீதிமன்றங்களைக் கண்காணித்து, வரம்பு மீறினால் தடுத்து, அவற்றின் ஆவணங்களை வரவழைத்து ரத்துச் செய்யவும் முடிந்தது.

1873, 1875ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் இந்தப் பழைய நீதிமன்றங்களை ஒன்றிணைத்து, உயர் நீதிமன்றத்தையும் மேல்முறையீட்டு நீதிமன்றத்தையும் நிறுவின. இவை இரண்டுக்கும் சேர்த்து வைத்த கூட்டுப்பெயர் சுப்ரீம் கோர்ட். ஆனால் இறுதி மேல்முறையீடு அப்போது நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவைக்குத்தான் சென்றது! ஐக்கிய இராச்சியத்துக்கென்று உண்மையான உச்ச நீதிமன்றம் ஒன்று 2009 அக்டோபரில் இயங்கத் தொடங்கியபோதுதான் இந்தப் பழைய கூட்டுப்பெயரை மாற்ற வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. 1981ஆம் ஆண்டின் சுப்ரீம் கோர்ட் சட்டம் இப்போது சீனியர் கோர்ட்ஸ் சட்டம் என்று வழங்கப்படுகிறது. மேல்முறையீட்டு நீதிமன்றம், உயர் நீதிமன்றம், கிரௌன் கோர்ட் ஆகிய மூன்றும் அதில் அடக்கம்.

கிரௌன் கோர்ட் ஒரு சுவையான கலப்பு. கடுமையான குற்றங்களை ஜூரி முன்னிலையில் விசாரிக்கும்போது அதன் மீது உயர் நீதிமன்றம் நீதிப் புனராய்வு (முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்ற பரிசீலனை) செய்ய முடியாது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலிருந்து வந்த மேல்முறையீட்டை அதே நீதிபதி அதே கட்டடத்தில் கேட்கும்போது, அவருடைய முடிவை உயர் நீதிமன்றம் புனராய்வு செய்யலாம். காலையில் ஒரு தன்மையும் மாலையில் வேறொரு தன்மையும் கொண்ட நீதிமன்றம் என்று அதைச் சொன்னாலும் தவறில்லை.

ஆகவே முதல் விசாரணை நடத்தும் நீதிமன்றத்துக்கு "மேல்நிலை" என்ற அடைமொழி பொருந்துவதில் முரண்பாடு எதுவும் இல்லை. தன் அதிகார வரம்பைத் தானே தீர்மானிக்கும் தகுதிதான் அந்த அடைமொழியின் சாரம். கிங்ஸ் பெஞ்ச் விசாரணை நீதிமன்றமாகவே இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

வாய்தா:

அசல்பிரதி தந்த வரலாற்று விளக்கம் சரியானது. ஆனால் அமெரிக்க மாநிலங்களை அந்த ஒரே சட்டகத்துக்குள் அடைக்க முடியாது. அங்கே பெயர் மட்டும் கப்பலேறி வந்தது, பொருள் மாநிலத்துக்கு மாநிலம் தன் போக்கில் வளர்ந்தது.

கலிபோர்னியாவில் முன்பு சுப்பீரியர் கோர்ட்டுக்குக் கீழே முனிசிபல் கோர்ட்டுகள் இருந்தன. சிறு வழக்குகள் அங்கும், பெரிய வழக்குகள் மேலேயும் நடந்தன. 1998 ஜூனில் வாக்காளர்கள் ஏற்ற அரசமைப்புத் திருத்தம், ஒவ்வொரு கவுண்டியிலும் நீதிபதிகள் வாக்களித்து இரண்டையும் இணைத்துக்கொள்ள வழிசெய்தது. 2001ஆம் ஆண்டுக்குள் 58 கவுண்டிகளிலும் இணைப்பு நிறைவுற்றது. இன்று போக்குவரத்து அபராதச் சீட்டை எதிர்ப்பவரும் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவரும் அதே சுப்பீரியர் கோர்ட்டின் வாசலில்தான் நிற்கிறார்கள். அதற்குக் கீழே மாநில நீதிமன்றம் எதுவும் இல்லாத நிலையில், "எதற்கு மேல்?" என்ற உங்கள் கேள்விக்குக் கலிபோர்னியாவில் விடையே கிடையாது.

பென்சில்வேனியாவின் சுப்பீரியர் கோர்ட் 1895ஆம் ஆண்டில் இடைநிலை மேல்முறையீட்டு மன்றமாகவே நிறுவப்பட்டது. அங்கே விசாரணை நீதிமன்றத்தின் பெயர் கோர்ட் ஆஃப் காமன் பிளீஸ். இங்கிலாந்து கைவிட்ட பெயர் அங்கே இன்னும் வாழ்கிறது. நியூயார்க்கில் விசாரணை நீதிமன்றமே சுப்ரீம் கோர்ட், உச்சியில் இருப்பது கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ். நியூயார்க் சுப்ரீம் கோர்ட்டின் ஒரு நீதிபதி சொன்னதை "அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு" என்று எழுதிவிடும் செய்திகளை அவ்வப்போது காண்கிறேன். பெயரை நம்பினால் இப்படித்தான் ஆகும்.

பெயரை விட்டு, தன்மையைப் பார்த்தால் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் இன்னும் சிந்திக்க வைக்கின்றன. அரசமைப்பின் மூன்றாம் உறுப்பு, ஓர் உச்ச நீதிமன்றத்தையும் காங்கிரஸ் நிறுவும் "கீழ்நிலை" நீதிமன்றங்களையும் பற்றிப் பேசுகிறது. அவற்றின் அதிகாரமும் வரம்புக்கு உட்பட்டதே. அப்படியானால் பழைய பொதுச்சட்ட விதிப்படி, வரம்பு இருந்ததாக ஆவணத்தில் காட்டப்படாத ஒவ்வொரு தீர்ப்பும் செல்லாததாகிவிட வேண்டும் அல்லவா? 1825ஆம் ஆண்டில் மக்கார்மிக் எதிர் சல்லிவன்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை மறுத்தது. கூட்டாட்சி நீதிமன்றங்களின் வரம்பு குறுகியதுதான், ஆனால் தீர்ப்பையே புறக்கணித்துவிடத்தக்க அந்தத் தொழில்நுட்பப் பொருளில் அவை கீழ்நிலை நீதிமன்றங்கள் அல்ல என்றது. மேல்முறையீட்டில் பிழையைத் திருத்தலாம், அதுவரை தீர்ப்பு தீர்ப்புதான்.

இதிலிருந்து வரம்பற்ற அதிகாரமும் மேல்நிலைத் தன்மையும் கட்டாயமாகச் சேர்ந்தே வர வேண்டியவை அல்ல என்பது தெரிகிறது. இந்த இடத்தில் அசல்பிரதியின் விளக்கத்தோடு நான் சற்றே வேறுபடுகிறேன்.

---

புதுவாசகன்:

இருவருக்கும் நன்றி. பெயர்க் குழப்பம் பெருமளவு தீர்ந்தது. ஆனால் என் கடைசிக் கேள்வி இன்னும் நிற்கிறது. இந்த ஊகம், வரம்பு என்பவையெல்லாம் வழக்கறிஞர்களுக்கும் நீதிபதிகளுக்கும் இடையிலான நுணுக்கங்களா, அல்லது ஒரு மனிதரின் வாழ்க்கையில் உண்மையிலேயே எங்காவது இது தீர்மானமான காரணியாக இருந்திருக்கிறதா? மேலும், சட்டமன்றம் நினைத்தால் எந்த ஒரு அமைப்பையும் "இது மேல்நிலை நீதிமன்றம்" என்று அறிவித்துவிட முடியுமா?

---

குறுக்குவிசாரணை:

இரண்டு கேள்விகளுக்கும் விடையளிக்கும் வழக்குகள் உள்ளன. முதலாவதற்கு ஆஸ்திரேலியாவின் கேபிள் வழக்கைவிடத் தெளிவான சான்று எனக்குத் தோன்றவில்லை.

நியூ சவுத் வேல்ஸ் சட்டமன்றம் 1994ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. தண்டனைக் காலம் முடிந்து வெளிவரவிருந்த ஒரே ஒரு கைதியைத் தொடர்ந்து காவலில் வைப்பதுதான் அதன் நோக்கம். சட்டம் அவர் ஒருவருக்கு மட்டுமே பொருந்தும் வகையில் எழுதப்பட்டிருந்தது. மாநில சுப்ரீம் கோர்ட்டின் நீதிபதி ஒருவர் அந்தச் சட்டத்தின்படி 1995ஆம் ஆண்டில் அவரை ஆறு மாதம் காவலில் வைக்க உத்தரவிட்டார். 1996ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் (அங்கே நாட்டின் உச்சி நீதிமன்றம் அதுதான்) அந்தச் சட்டமே அரசமைப்புக்கு முரணானது என்று அடித்துவிட்டது. அப்படியென்றால் அந்த ஆறு மாதச் சிறைவாசம் சட்டவிரோதம்தானே, எனக்கு இழப்பீடு தாருங்கள் என்று அவர் வழக்குத் தொடுத்தார். மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2013ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. காவல் உத்தரவைப் பிறப்பித்தது ஒரு மேல்நிலை நீதிமன்றம். அந்த உத்தரவு ரத்தாகும் நாள்வரை அது செல்லும். ஆகவே அதன்படி அவரைப் பூட்டி வைத்தவர்கள் சட்டப்படியே நடந்துகொண்டார்கள். அவர் கோரிய இழப்பீடு கிடைக்கவில்லை.

இதே உத்தரவு ஒரு கீழ்நிலை நீதிமன்றத்திலிருந்து வந்திருந்தால், பழைய விதிப்படி அதைப் பிறந்தபோதே செத்த உத்தரவு என்று வாதிட வழி இருந்திருக்கும். இது வெறும் நுணுக்கமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். என்னைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பின் தர்க்கம் வலுவானது, விளைவு கசப்பானது. சிறை அதிகாரி ஒவ்வொருவரும் ஒவ்வொரு நீதிமன்ற உத்தரவின் செல்லுபடியையும் தாமே ஆராய்ந்துவிட்டுத்தான் கதவைப் பூட்ட வேண்டும் என்றால் எந்த அரசும் இயங்க முடியாது என்பதை மறுக்க முடியவில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பிரிட்டன் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில், குடியேற்றம், சமூகநல உதவி போன்றவற்றைக் கையாளும் மேல் தீர்ப்பாயத்தை "மேல்நிலை ஆவண நீதிமன்றம்" என்று அறிவித்தது. அந்த அடைமொழியே தீர்ப்பாயத்தை உயர் நீதிமன்றத்தின் புனராய்விலிருந்து காப்பாற்றிவிடும் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. கார்ட் வழக்கில் நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. 2011ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் குறுகிய அளவில் புனராய்வை அனுமதித்தது. 2022ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் வெளிப்படையான சொற்களால் புனராய்வைத் தடுக்கும் சட்டத்தை இயற்றி, சில விதிவிலக்குகளை மட்டும் விட்டுவைத்தது. அடைமொழியால் சாதிக்க முடியாததை நேரடியான சட்ட வாசகம் சாதித்தது.

பிரிட்டனில் இது முடிந்ததற்குக் காரணம் அங்கே நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தும் எழுதப்பட்ட அரசமைப்பு இல்லாததுதான். ஆஸ்திரேலியாவில் கதை வேறு. நியூ சவுத் வேல்ஸின் தொழில் நீதிமன்றத்தையும் சட்டம் மேல்நிலை ஆவண நீதிமன்றம் என்றே அழைத்தது. அதன் முடிவுகளை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்ற தடைப்பிரிவும் இருந்தது. ஒரு பண்ணையின் மேலாளர் வாகனம் கவிழ்ந்து இறந்ததையடுத்து, நிறுவனத்தின் மீதும் அதன் இயக்குநர் ஒருவர் மீதும் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்த நீதிமன்றம் குற்றத்தீர்ப்பு வழங்கியது. 2010ஆம் ஆண்டின் கிர்க் வழக்கில் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்தது. அதிகார வரம்பு மீறலைத் திருத்தும் மாநில சுப்ரீம் கோர்ட்டின் மேற்பார்வை அதிகாரத்தை எந்த மாநிலச் சட்டமன்றமும் பறிக்க முடியாது என்பதே அதன் சாரம்.

கனடாவில் இதே எண்ணம் 1867ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 96ஆம் பிரிவின் வழியே வளர்ந்தது. மாகாணம் நீதிமன்றத்தை அமைத்து நடத்தும், அதன் நீதிபதிகளை நியமிப்பது மத்திய அரசு. ஒன்டாரியோவின் சுப்பீரியர் கோர்ட்டும், பிரிட்டிஷ் கொலம்பியாவின் சுப்ரீம் கோர்ட்டும், ஆல்பர்ட்டாவின் கிங்ஸ் பெஞ்சும் 96ஆம் பிரிவு நீதிமன்றங்களே. பெயரை மறந்துவிட்டு நியமனத்தைப் பார்த்தால் போதும். 1995ஆம் ஆண்டின் மக்மில்லன் புளோடல் வழக்கில், காடு வெட்டுவதை எதிர்த்துச் சாலை மறியல் செய்த ஒரு சிறுவன், சுப்பீரியர் தகுதி பெற்ற நீதிமன்றத்தின் தடையுத்தரவை மீறினான். இளையோர் சட்டமோ அவன் மீதான வழக்கு இளையோர் நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியது என்றது. தன் உத்தரவை மீறியவரைத் தண்டிக்கும் அதிகாரம் மேல்நிலை நீதிமன்றத்தின் உள்ளார்ந்த கருவாகும், அதை முழுமையாக எடுத்து இன்னொருவரிடம் கொடுக்க நாடாளுமன்றத்தாலும் இயலாது என்று கனடிய உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை முடிவு செய்தது.

பணமதிப்பிலும் இதே கொள்கை செயல்படுகிறது. 85,000 டாலருக்குக் குறைவான உரிமையியல் வழக்குகளைக் கேட்கும் தனியுரிமையைக் கியூபெக் தன் மாகாண நீதிமன்றத்துக்குக் கொடுத்தது. 2021ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பு மிக உயரமானது என்று செல்லாததாக்கியது. 1867ஆம் ஆண்டில் கீழ்நிலை நீதிமன்றங்களுக்கு இருந்த 100 டாலர் வரம்பு இன்றைய மதிப்பில் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்ததும் அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதி. உரிமையியல் வழக்குகளில் பெரும்பங்கை உருவி எடுத்துவிட்டால், மேல்நிலை நீதிமன்றம் பெயரளவில் மட்டுமே எஞ்சும் என்ற அச்சம் அதில் தெரிகிறது.

---

நடைமுறை:

இதுவரை பேசியது முழுவதும் ஆங்கிலப் பொதுச்சட்டக் குடும்பத்துக்குள்ளேயே சுழன்றது. பிரான்சிலோ ஜெர்மனியிலோ வளர்ந்த ஒரு வழக்கறிஞரிடம் இந்த விவாதத்தைக் காட்டினால், எதற்காக இவ்வளவு சிரமம் என்று கேட்பார்.

பிரான்சில் ஒரு காலத்தில் பெயரளவில் மேல்நிலை நீதிமன்றங்கள் இருந்தன என்பது பலருக்குத் தெரியாது. "இறையாண்மை நீதிமன்றங்கள்" என்று தம்மை அழைத்துக்கொண்ட பார்லமா என்ற பழைய அரச நீதிமன்றங்களை, அந்த அடைமொழி தமக்கே உரியது என்று கருதிய பதினான்காம் லூயி, 1665ஆம் ஆண்டில் "மேல்நிலை நீதிமன்றங்கள்" என்று அழைக்குமாறு ஆணையிட்டார். அரச ஆணைகளைப் பதிவு செய்ய மறுத்து ஆட்சிக்கு முட்டுக்கட்டை போட்டுவந்த அந்த மன்றங்களைப் புரட்சி ஒழித்தது. 1790 ஆகஸ்ட் மாதச் சட்டம், நீதிபதிகள் நிர்வாகத்தின் செயல்களில் எவ்வகையிலும் தலையிடக் கூடாது என்று தடுத்தது. ஒரே நீதிமன்றம் குடிமகனின் வழக்கையும் கேட்டு, அரசின் செயலையும் ரத்துச் செய்யும் கிங்ஸ் பெஞ்ச் பாணி அங்கே வேரூன்ற முடியாமல் போனதற்கு இதுவே காரணம்.

இன்று பிரான்சில் உரிமையியல், குற்றவியல் வழக்குகளின் உச்சியில் கசாசியோன் நீதிமன்றமும், நிர்வாக வழக்குகளின் உச்சியில் கோன்செய் தேத்தாவும் இருக்கின்றன. ஒன்றின் மீது மற்றொன்றுக்கு அதிகாரம் இல்லை. ஒரு வழக்கு எந்தப் பக்கம் சேர வேண்டும் என்று சிக்கல் எழுந்தால் அதற்கெனத் தனித் தீர்ப்பாயம் உண்டு. ஜெர்மனியில் அரசமைப்பான அடிப்படைச் சட்டத்தின் 95ஆம் உறுப்பு ஐந்து உச்ச நீதிமன்றங்களைக் குறிப்பிடுகிறது: பொது, நிர்வாகம், நிதி, தொழிலாளர், சமூகநலம் என்று. அவை கார்ல்ஸ்ரூஹ, லைப்சிக், மூனிக், எர்ஃபுர்ட், காசெல் ஆகிய ஐந்து நகரங்களில் இயங்குகின்றன. அரசமைப்பு நீதிமன்றம் இவற்றுக்கு வெளியே தனியாக நிற்கிறது.

ஓரளவுக்கு ஒப்பிடத்தக்க ஒன்று அங்கும் உண்டு. பிரெஞ்சுச் சட்டம், பொது அதிகாரம் கொண்ட நீதிமன்றங்களையும், வணிக வழக்கு, தொழிலாளர் வழக்கு என்று குறித்த வழக்குகளை மட்டும் கேட்பவற்றையும் வேறுபடுத்துகிறது. வேறெந்த நீதிமன்றத்துக்கும் ஒதுக்கப்படாத வழக்கு முன்னதற்குச் செல்லும். ஆனால் பொது அதிகாரம் கொண்ட நீதிமன்றம் வணிக நீதிமன்றத்துக்கு மேற்பார்வையாளர் அல்ல. உத்தரவை மீறினால் அவமதிப்பு என்று சிறையில் அடைக்கும் பொதுவான அதிகாரமும் அதற்குக் கிடையாது. கீழ்ப்படியாதவர் மீது நாளுக்கு நாள் ஏறும் தொகையை விதிப்பதே வழக்கமான வழி.

என் கருத்தைச் சொல்கிறேன். மேல்நிலை நீதிமன்றம் என்ற கோட்பாடு ஒரு தீவில் நிலவிய மூன்று நீதிமன்றங்களின் போட்டியிலிருந்து பிறந்த வரலாற்று மிச்சம். அது இல்லாமலேயே சட்டத்தின் ஆட்சி நன்றாக நடக்க முடியும் என்பதற்கு ஜெர்மனி சான்று. ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்காவிலும் "சுப்பீரியர்" என்ற அடைமொழியோடு காணப்படும் நீதிமன்றங்கள் மேல்முறையீட்டு வரிசையைக் குறிப்பவையே. அவற்றில் ஆங்கிலப் பொருளைத் தேடக் கூடாது.

---

அசல்பிரதி:

"வரலாற்று மிச்சம்" என்று நடைமுறை அவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஜெர்மனிக்கு அந்தக் கோட்பாடு தேவைப்படாததற்குக் காரணம், அரசமைப்பு நீதிமன்றத்தையும் முழுமையான நிர்வாக நீதிமன்ற வரிசையையும் அது தனியே கட்டியெழுப்பியிருப்பதுதான். அவை இல்லாத நாடுகளில் அந்தச் சுமை முழுவதையும் மேல்நிலை நீதிமன்றம்தான் தாங்குகிறது.

இந்தியாவை எடுத்துக்கொள்ளுங்கள். வரம்பற்ற முதல் விசாரணை அதிகாரம் என்ற பழைய அளவுகோலை வைத்தால் இந்தியாவின் 25 உயர் நீதிமன்றங்களில் பெரும்பாலானவை தேறாது. ஏனெனில் சென்னை, மும்பை, கொல்கத்தா, டெல்லி போன்ற சிலவற்றுக்கே அசல் உரிமையியல் வழக்குகளைக் கேட்கும் சாதாரண அதிகாரம் இருக்கிறது. ஆயினும் அரசமைப்பின் 215ஆம் உறுப்பு ஒவ்வொரு உயர் நீதிமன்றத்தையும் ஆவண நீதிமன்றம் என்கிறது, 226ஆம் உறுப்பு நீதிப்பேராணை அதிகாரத்தைத் தருகிறது, 227ஆம் உறுப்பு கீழமை நீதிமன்றங்கள், தீர்ப்பாயங்கள் மீதான மேற்பார்வையைத் தருகிறது. வாய்தா சொன்னதை இந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறேன்: மேற்பார்வைதான் இங்கே மேல்நிலைத் தன்மையின் உயிர்நாடி.

1966ஆம் ஆண்டின் மிராஜ்கர் வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மும்பை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், ஒரு சாட்சியின் வாக்குமூலத்தை நாளிதழ்கள் வெளியிடக் கூடாது என்று வாய்மொழியாக உத்தரவிட்டார். பத்திரிகையாளர்கள் தங்கள் அடிப்படை உரிமை பறிபோனதாகக் கூறி, 32ஆம் உறுப்பின்படி நேரடியாக உச்ச நீதிமன்றம் சென்றார்கள். ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை அவர்களைத் திருப்பி அனுப்பியது. உயர் நீதிமன்றம் தன் அதிகார வரம்பைத் தானே தீர்மானிக்கும் மேல்நிலை நீதிமன்றம், அதன் நீதிசார் உத்தரவைப் பேராணையால் தாக்க முடியாது, மேல்முறையீடுதான் வழி என்றது. உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பைக் கவிழ்க்கலாம், ஆனால் 227ஆம் உறுப்பைப் போன்ற மேற்பார்வை அதிகாரம் உயர் நீதிமன்றங்கள் மீது அதற்குத் தரப்படவில்லை. "கீழமை நீதிமன்றம்" என்ற சொல்லை உயர் நீதிமன்றத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது வெறும் மரியாதைக்காக அல்ல.

தீர்ப்பாயங்களுக்கு அதிகாரத்தை மாற்றி, உயர் நீதிமன்றத்தை ஒதுக்கிவைக்க முயன்றபோது, 1997ஆம் ஆண்டின் சந்திரகுமார் வழக்கில் உயர் நீதிமன்றங்களின் புனராய்வு அதிகாரம் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. கிர்க் வழக்கின் இந்திய உடன்பிறப்பு என்று அதைக் கருதலாம், ஆண்டில் மூத்தது.

இதற்கு மாறான பாதையும் உண்டு. மலேசியாவில் 1988ஆம் ஆண்டுத் திருத்தம், நீதி அதிகாரம் உயர் நீதிமன்றங்களிடம் உள்ளது என்ற வாசகத்தை 121ஆம் உறுப்பிலிருந்து நீக்கி, கூட்டரசுச் சட்டம் கொடுக்கும் அதிகாரமே அவற்றுக்கு உண்டு என்று மாற்றியது. 2017, 2018ஆம் ஆண்டுகளில் வந்த தீர்ப்புகளில்தான் கூட்டரசு நீதிமன்றம், அந்தத் திருத்தத்தால் நீதி அதிகாரத்தின் அடித்தளம் அழிந்துவிடவில்லை என்று உறுதிபடக் கூறியது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த வாசகத்தைச் சுட்டிக்காட்டி நீதிமன்ற அதிகாரத்தைச் சுருக்கும் வாதங்கள் வந்துகொண்டே இருந்தன.

இலங்கையில் 1978ஆம் ஆண்டு அரசமைப்பின் 105ஆம் உறுப்பு, நாட்டின் உச்சி நீதிமன்றத்தையும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தையும் மேல்நிலை ஆவண நீதிமன்றங்கள் என்று குறிப்பிட்டு, ஹை கோர்ட்டை அந்த வட்டத்துக்கு வெளியே விட்டது. அதன் விளைவை நீதிபதியின் பதவிப் பாதுகாப்பிலேயே பார்க்கலாம். முதல் இரு நீதிமன்றங்களின் நீதிபதியை நீக்க நாடாளுமன்ற மொத்த உறுப்பினர்களின் பெரும்பான்மை ஆதரவோடு கூடிய வேண்டுகோள் தேவை. ஹை கோர்ட் நீதிபதிக்கு அந்தக் கவசம் இல்லை, நீதிச்சேவை ஆணைக்குழுவின் பரிந்துரையின் பேரில் ஜனாதிபதி நீக்கலாம். புதுவாசகன் அவர்களே, அறிமுகமில்லாத ஒரு நாட்டின் நீதிமன்றத்தைப் பற்றிப் படிக்கும்போது பெயர்ப்பலகையைத் தாண்டி மூன்றைத் தேடுங்கள்: அதன் நீதிபதியை நீக்க என்ன நடைமுறை, அதன் உத்தரவு தவறானால் அதை எதிர்க்கும் வழி மேல்முறையீடா பேராணையா, அதன் அதிகாரத்தைக் குறைக்கச் சாதாரணச் சட்டம் போதுமா அரசமைப்புத் திருத்தம் வேண்டுமா என்பவை.

---

புதுவாசகன்:

மிக்க நன்றி. கேபிள் வழக்கின் 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் மிராஜ்கர் தீர்ப்பையும் அடுத்தடுத்துப் படிக்க எடுத்து வைத்திருக்கிறேன். மிராஜ்கர் அமர்வில் மாறுபட்ட நீதிபதியின் கருத்தைப் பற்றி ஐயம் எழுந்தால் தனி இழையாகத் தொடங்குகிறேன்.